வீச்சு குறைந்தது, ஆட்டம் குறையவில்லை: ஷார்ட் ஷிஃப்டர் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் உள்ள எங்கள் சிறிய பணிமனைக்கு, கியர் லிவரின் வீச்சைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு ஒரு கார் வந்தது. டீசல் எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்கும் ஹேட்ச்பேக் அது, ஐந்து கியர் கொண்ட மேனுவல், ஏழு ஆண்டுப் பழையது, 78,000 கி.மீ. ஓடியிருந்தது. உரிமையாளர் முப்பதுகளில் இருப்பவர். வேலை நாட்களில் அவிநாசி சாலை நெரிசலிலும், மாதம் இருமுறையாவது ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தக் காரை ஓட்டுபவர்.

அவருடைய குறை தெளிவாகத்தான் இருந்தது. லிவர் அதிகத் தூரம் நகர்கிறது. எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது கைக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றி முடிப்பதற்குள் வண்டி இழுவையை இழந்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் தீர்வு, லிவரின் வீச்சைச் சுருக்கும் ஷார்ட் ஷிஃப்டர்தான் என்று முடிவு செய்து, ஒரு கிட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் தம் காரிலிருந்து கழற்றிக் குறைந்த விலைக்குக் கொடுத்தது அது. வீச்சை 40 விழுக்காடு குறைக்கும் என்று அதன் உறையில் அச்சிட்டிருந்தது.

இங்கே ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். அந்தக் காரை அவருடைய தந்தையும் ஓட்டுவார் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் சோதனையில் கண்டவை

லிவர் தூரம் போகிறது என்ற குறைக்குள் இரண்டு வேறு குறைகள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, நெம்புகோலின் அளவே அப்படி அமைந்திருப்பது. மற்றொன்று, இணைப்புகள் தேய்ந்துபோய், கியர்பெட்டி அசைவதற்கு முன்பே லிவர் வெறுமனே சிறிது தூரம் நகர்ந்துவிடுவது. ஓட்டுபவரின் கைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஷார்ட் ஷிஃப்டர் திருத்துவது முதலாவதை மட்டுமே. ஆகவே கிட்டைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு அளவெடுத்தோம்.

அளவெடுத்த முறை எளிமையானது. டேஷ்போர்டில் ஓர் இரும்பு ஸ்கேலைப் பொருத்தி, லிவரின் தலைக்குமிழான நாபின் மையம், முதல் கியரிலிருந்து இரண்டாம் கியர் வரை, இரு முனைகளிலும் நன்றாக அழுத்திய நிலையில், எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தோம்: 142 மி.மீ. அடுத்து எஞ்சினை அணைத்து, மூன்றாம் கியரில் விட்டு, கை தடுப்பை உணரும் வரை நாபை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபோது வெற்று ஆட்டம் மட்டும் 26 மி.மீ. இருந்தது. மொத்த வீச்சில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எந்த வேலையும் செய்யாத நகர்வு.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகத் தேவைப்படவில்லை. இந்த வகைக் காரில் லிவரின் அடியிலிருந்து இரண்டு கேபிள்கள் கியர்பெட்டியின் மேலுள்ள, கியரைத் தேர்ந்து இணைக்கும் செலக்டருக்குச் செல்கின்றன. ஒன்று முன்பின் அசைவைக் கடத்துகிறது, மற்றொன்று பக்கவாட்டு அசைவை. கேபிள் முனைகளில் உள்ள புஷ் எனும் மெத்தென்ற வளையங்களில், எஞ்சின் வெப்பத்துக்கு அருகில் இருந்தது இறுகி, அதன் துளை முட்டை வடிவாகியிருந்தது. லிவரின் அடித்தட்டைத் தரையோடு பிணைக்கும் ரப்பர் புஷ்களில் இரண்டு நசுங்கியிருந்தன. எஞ்சினும் கியர்பெட்டியும் முன்பின் ஆடாமல் தடுக்கும் மவுன்ட் நல்ல நிலையில் இருந்தது.

கிளட்சையும் சோதித்தோம். எஞ்சின் ஓடும்போது கிளட்சை முழுவதும் அழுத்தி, சில விநாடிகள் நியூட்ரலில் காத்திருந்து, பிறகு ரிவர்ஸ் போட்டால் உரசல் ஓசை வரக்கூடாது; வந்தால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். ஓசை வரவில்லை. கியர் எண்ணெய் அளவில் சரியாக இருந்தாலும் கறுத்திருந்ததால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே தரத்தில் மாற்றினோம். வேறொரு மெக்கானிக் கெட்டியான ஜிஎல்-5 தர எண்ணெய் ஊற்றினால் கியர் மென்மையாக விழும் என்று உரிமையாளரிடம் சொல்லியிருந்தார். ஜிஎல்-4 கேட்கும் கியர்பெட்டியில் அதை ஊற்ற நாங்கள் ஒப்புவதில்லை. அவ்வகை எண்ணெய்களில் கூடுதலாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் கியர் மாறும்போது சுழல் வேகங்களை ஒன்றாக்கும் சிங்க்ரோனைசரின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும் என்பது ஒரு காரணம். அந்த வளையம் பற்றிப்பிடிப்பதற்குத் தேவையான உராய்வு குறைந்துபோகும் என்பது மற்றொன்று.

புஷ்கள் மாற்றியதும் வெற்று ஆட்டம் 26 மி.மீட்டரிலிருந்து 10 ஆகவும், மொத்த வீச்சு 126 மி.மீ. ஆகவும் குறைந்தன. பாகங்களுக்கான செலவு 1,400 ரூபாய். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு வருமாறு உரிமையாளரை அனுப்பினோம். திரும்பி வந்தவர், கியர் இப்போது கைக்குத் தெரிகிறது என்றார். ஆனாலும் வீச்சு இன்னும் குறைய வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு மாறவில்லை. அதில் தவறில்லை. 126 மி.மீ. என்பது அன்றாடக் காருக்கு இயல்பான அளவுதான் என்றாலும், வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் ஒருவர் அதைச் சுருக்க விரும்புவது புரிந்துகொள்ளக்கூடியதே.

நெம்புகோல் கணக்கு

எந்தக் கிட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியின் பெரும்பகுதி பள்ளிப் புத்தகத்து நெம்புகோல் பாடத்திலேயே அடங்கிவிடும். லிவர் ஒரு கோளமூட்டில் அமர்ந்திருக்கிறது. இந்தக் காரில் மூட்டிலிருந்து நாபின் மையம் வரை 230 மி.மீ.; மூட்டிலிருந்து கீழே கேபிள் பிடிக்கும் இடம் வரை 46 மி.மீ. விகிதம் ஐந்துக்கு ஒன்று. அதாவது கேபிள் ஒரு மி.மீ. நகர, கை ஐந்து மி.மீ. நகர வேண்டும். கையின் விசை கேபிளில் ஐந்து மடங்காகக் கிடைப்பது அதற்கு ஈடு. வீச்சை எவ்வளவு குறைக்கிறோமோ அதற்கேற்ப விசை கூடியே தீரும். இந்த ஈட்டிலிருந்து எந்தக் கிட்டும் தப்பிக்க முடியாது.

ஆனால் வீச்சை எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிற விளைவுகள் மாறுகின்றன. கடையில் வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, உரிமையாளர் கொண்டுவந்த கிட். அது கியர்பெட்டியின் மேலுள்ள செலக்டர் கையை 60 மி.மீட்டரிலிருந்து 36 ஆகக் குட்டையாக்குவது. கை குட்டையானால் அதே கோணத்துக்குக் கேபிள் குறைவாக நகர்ந்தால் போதும், வீச்சு குறையும். ஆனால் அதே கேபிள் இப்போது ஏறக்குறைய 1.67 மடங்கு விசையைக் கடத்த வேண்டும். கேபிள் முனைகளில் மிஞ்சியிருக்கும் இரண்டு மி.மீ. ஆட்டமோ அப்படியே இருக்கும். நாபில் அது முன்போலவே 10 மி.மீட்டராகத் தெரியும். பயனுள்ள நகர்வு மட்டும் சுருங்கி ஆட்டம் சுருங்காததால், மொத்த வீச்சில் அதன் பங்கு 8 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காட்டுக்கு மேல் கூடும். கூடுதல் விசையில் கேபிளின் உறை நெளிவதால் வரும் இளக்கம் வேறு.

இரண்டாவது வழி, லிவரின் அடித்தட்டிலேயே கோளமூட்டை 9 மி.மீ. உயர்த்தும் அமைப்பு. கீழ்க்கை 55 மி.மீ. ஆகிறது, மேற்கை 221 ஆகிறது. விகிதம் நான்குக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது. வீச்சு 20 விழுக்காடுதான் குறையும். கேபிளின் நகர்வும் அது சுமக்கும் விசையும் பழையபடியே இருக்கும். கூடுதல் சுமை கையில் மட்டும். அதோடு, கேபிளில் உள்ள ஆட்டமும் நாபில் ஐந்து மடங்குக்குப் பதில் நான்கு மடங்காகத்தான் தெரியும். வீச்சோடு சேர்ந்து ஆட்டமும் சுருங்குவது இந்த வழியில்தான்.

மூன்றாவது, லிவரின் மேற்பகுதியை வெட்டி நாபைத் தாழ்த்துவது. 25 மி.மீ. வெட்டினால் வீச்சு 11 விழுக்காடு குறையும், செலவு மிகக் குறைவு. ஆனால் கை இன்னும் கீழே போக வேண்டும்; உயரமான உரிமையாளருக்கு இருக்கையிலிருந்து முதுகு எழும்பும் என்பதால் அதை அப்போதே விலக்கினோம்.

சட்டத்தையும் பார்த்தோம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கியர் லிவரின் அளவு அச்சான்றிதழில் இடம்பெறும் விவரமல்ல. ஆயினும் வெட்டு, வெல்டிங் இல்லாமல், கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றத்தை மட்டுமே செய்வது, கழற்றிய பாகங்களைப் பெயரெழுதிப் பையில் போட்டு உரிமையாளரிடமே கொடுப்பது என்று வரையறுத்துக்கொண்டோம். வாரன்டி முன்பே முடிந்திருந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

கணக்கு இரண்டாவது வழியைச் சுட்டியது. நாங்கள் பொருத்தியதோ முதலாவதை.

காரணத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தக் கிட் ஏற்கெனவே உரிமையாளர் கையில் இருந்தது, பொருத்த ஒரு மணி நேரம் போதும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். இரண்டாவது வழிக்கு 9,500 ரூபாயும் மூன்று வாரக் காத்திருப்பும் வேண்டியிருந்தது. நண்பரின் காரில் அதை ஓட்டிப் பார்த்த உற்சாகம் உரிமையாளரிடம் மிகுந்திருந்தது. ஆனால் தடத்தில் ஓடும் அந்தக் காரை எஞ்சினும் எண்ணெயும் சூடேறிய பிறகு, வலிமையான கை கொண்ட ஒருவர் 20 நிமிடம் ஓட்டுகிறார். அந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னோம், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை.

பொருத்திய அன்று அளந்த வீச்சு 82 மி.மீ. கையசைவு உண்மையிலேயே துப்பாக்கி விசைபோலச் சுருக்கமாக இருந்தது. உரிமையாளர் மகிழ்ச்சியோடு சென்றார். பயண மூட்டைகளை எடைபோடும் தொங்கு தராசை நாபில் கட்டி இழுத்து, நின்ற நிலையில் இரண்டாம் கியர் விழத் தேவையான விசையையும் குறித்துவைத்தோம்: முன்பு 2.4 கிலோ, இப்போது 4.3 கிலோ. கணக்குப்படி 4 கிலோ வந்திருக்க வேண்டும். மிஞ்சியது கேபிளின் உராய்வு.

ஐந்து வாரங்களில் நடந்தவை

முதல் புகார் பத்தாம் நாள் வந்தது. அதிகாலையில் வால்பாறையில் வண்டியைக் கிளப்பி முதல் சில வளைவுகளில் இரண்டாம் கியருக்கு மாற்றும்போது உரசல் ஓசை வருகிறது. வண்டி சூடேறியதும் மறைந்துவிடுகிறது. எங்கள் பார்வையில் இதற்கான விளக்கம் இது: சிங்க்ரோனைசரின் கூம்பு வளையம், தண்டின் வேகமும் கியரின் வேகமும் ஒன்றாகும் வரை, அவ்விரண்டையும் இணைக்கும் ஸ்லீவைத் தடுத்து நிறுத்த வேண்டும். வேகங்கள் எவ்வளவு விரைவில் ஒன்றாகும் என்பது அந்த வளையத்தை அழுத்தும் விசையைப் பொறுத்தது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது கூம்பின் இடையில் சிக்கிய எண்ணெய்ப் படலம் விலகவே நேரம் பிடிக்கும். லிவரின் வீச்சைக் குறைத்ததும் கை விரைவாக வேலையை முடிக்கப் பார்க்கிறது. ஆனால் வளையத்துக்குப் போய்ச் சேரும் விசையோ குறைந்துவிட்டது. விசை குறைந்து அவசரம் கூடினால் உரசல் வரும்.

இரண்டாவது புகார் தந்தையிடமிருந்து வந்தது. 68 வயதான அவருக்கு மணிக்கட்டு வலி உண்டு. நகரத்தில் காரைப் பெரும்பாலும் ஓட்டுபவர் அவரே. மகனோடு பணிமனைக்கு வந்து, “ஏனுங்க தம்பி, இது கியருங்களா, அடிபம்புங்களா?” என்று கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் முதல் கியருக்கு அவர் தோளையே சாய்த்துத் தள்ளுவதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது நிகழ்வு இந்த ஆய்வை எழுதத் தூண்டியது. அந்தக் கிட், முன்பின் வீச்சோடு பக்கவாட்டு வீச்சையும் சுருக்கியிருந்தது. ஒன்று–இரண்டு வரிசைக்கும் மூன்று–நான்கு வரிசைக்கும் இடையே முன்பிருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பொள்ளாச்சி சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு லாரியைக் கடப்பதற்காக உரிமையாளர் ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க முயன்றார். நம் நாட்டுக் காரில் இடக்கையால், தன்னிடமிருந்து விலகும் திசையில் தள்ளிக்கொண்டே பின்னால் இழுக்கும் அசைவு அது. லிவர் நான்கைத் தாண்டி இரண்டில் விழுந்தது. கிளட்சைப் பாதி விடும்போதே எஞ்சின் அலறியதால் உடனே மிதித்துவிட்டார். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் நிமிடத்துக்கு 4,500ஐ நெருங்கியதாகச் சொன்னார். அந்த எஞ்சின் தாங்கும் எல்லைக்குள்தான் அது. 100 கி.மீ. வேகத்தில் இதே தவறு நடந்திருந்தால் எல்லை கடந்திருக்கும். எரிபொருளை நிறுத்தி எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் இங்கே உதவாது. அப்போது எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருளல்ல, சக்கரங்கள்.

இரண்டாம் முடிவு

மறுநாளே கிட்டைக் கழற்றிப் பழைய செலக்டர் கையைப் பொருத்தினோம். உரிமையாளருக்கு இப்போது இரண்டு தேர்வுகள்: புதிய புஷ்களோடு அப்படியே விடுவது, அல்லது மூட்டை உயர்த்தும் அமைப்பை வாங்குவது. தந்தை பழையதே போதும் என்றார். தொங்கு தராசுக் கணக்கைக் காட்டி, இரண்டாவது வழியில் விசை 3 கிலோவை ஒட்டியே நிற்கும் என்று விளக்கிய பிறகு, ஓட்டிப் பார்த்துத் தாம் ஒப்பினால் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் இசைந்தார். பக்கவாட்டு வீச்சில் கை வைக்கக்கூடாது என்பதை நிபந்தனையாகவே எழுதிக்கொண்டோம். வாங்கிய அமைப்பு முன்பின் அசைவை மட்டுமே மாற்றுவது என்பதை அளந்து உறுதிசெய்தோம்.

பொருத்தியது பொங்கலுக்கு முந்தைய மாலை. பணிமனையைப் பூட்டும் அவசரத்தில், நான் ஒரு படியைத் தாவினேன். இந்த வகை அமைப்பில் கேபிளின் நீளத்தைப் பூட்டுவதற்கு முன், கியர்பெட்டிப் பக்கத்தில் செலக்டர் தண்டை அழுத்தி அதற்குரிய பூட்டில் நிறுத்த வேண்டும். லிவர் பக்கத்தில் துளையில் ‘பின்’ எனும் ஊசியைச் செருகி நடுநிலையில் நிறுத்த வேண்டும். அதன் பிறகே கேபிள் முனைகளைப் பூட்ட வேண்டும். நான் கண்மதிப்பில் பூட்டிவிட்டு, ஐந்து கியரும் விழுகின்றன என்று பார்த்து அனுப்பினேன். பண்டிகை முடிந்து வந்த உரிமையாளர், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஐந்தாம் கியர் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது என்றார். கியர் விழுந்ததுபோல் தெரிந்தாலும் ஸ்லீவ் முழு ஆழத்துக்குப் போகவில்லை. அந்நிலையில் பல நாள் ஓட்டினால் பற்களின் விளிம்பு உருண்டு, பிறகு சரிசெய்தாலும் கியர் கழலும் பழக்கம் நிற்காது. நல்வாய்ப்பாக அவர் ஓட்டியது இரண்டே நாள். முறைப்படி அந்தப் ‘பின்’னைச் செருகிச் சரிசெய்ததும் குறை நீங்கியது.

விளைவு

இறுதி அளவுகள் இவை: வீச்சு 101 மி.மீ., வெற்று ஆட்டம் 8 மி.மீ., இரண்டாம் கியருக்கான விசை 3 கிலோ. காலை நேர உரசல் முதல் சில கிலோமீட்டரில் எப்போதாவது வருவதாக உரிமையாளர் சொன்னார். குளிரில் இரண்டாம் கியருக்கு நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி மாற்றச் சொன்ன பிறகு அதுவும் நின்றது. தந்தை ஒரு வாரம் ஓட்டிவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களாகக் கேட்டபோது, பழையதைவிடச் சற்றுக் கனம், பரவாயில்லை என்றார்.

இடையில் உரிமையாளர் கனமான உலோக நாப் ஒன்றை மாட்டிப் பார்த்தார். கனத்தின் உந்தம் கியர் விழும் கடைசி நொடியில் கைக்கு உதவுவது உண்மைதான். சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய காரில் அதைத் தொட முடியவில்லை என்பதும் உண்மை. மே மாதத்தில் பழைய நாப் திரும்பியது.

14 மாதங்கள் கழித்து, 96,000 கி.மீ. ஓட்டத்தில் மீண்டும் அளந்தோம். ஆட்டம் 11 மி.மீ. கியர்பெட்டிப் பக்கத்துப் புஷ் மறுபடியும் தளரத் தொடங்கியிருந்தது. அதை மட்டும் மாற்றினோம்.

மீண்டும் செய்வதானால்

அளவெடுத்துப் புஷ்களை மாற்றும் வரை செய்தவற்றை அப்படியே செய்வோம். அதற்கு அடுத்த படியில் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு கிட்டைப் பொருத்தமாட்டோம். கழற்றிவிடலாம் என்ற வாதம் பாகத்துக்குப் பொருந்தும், பொள்ளாச்சி சாலையில் நடந்ததற்குப் பொருந்தாது. உறையில் அச்சிட்ட விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், வீச்சு குறைவது லிவர் பக்கத்திலா கியர்பெட்டிப் பக்கத்திலா, பக்கவாட்டையும் அது தொடுகிறதா என்ற இரண்டையும் கேட்போம். 25 விழுக்காட்டுக்கு மேல் குறைக்க விரும்புபவரிடம், அந்தக் காரை வேறு யார் ஓட்டுகிறார் என்று விசாரித்து, முடிந்தால் அவரையும் வரவழைத்துத் தராசை நாபில் கட்டி இழுக்கச் சொல்வோம்.

கேபிள் பூட்டும் ‘பின்’ இப்போது கருவிப்பெட்டியில் இல்லை; சிவப்பு நாடா கட்டி, பணிமனைக் கதவின் சாவிக்கொத்திலேயே தொங்குகிறது. நண்பரின் கிட் மறுபடியும் செட்டிப்பாளையம் போய்விட்டது.